அத்தியாயம் 6: உள்ளங்கைக் கப்பலுக்கு விளக்கு

கப்பலை ஒட்டி, உரசி, முதல் பூச்சும் காய்ந்த கையோடு எல்.ஈ.டி. வாங்கக் கடைக்கு ஓடத்தான் மனம் சொல்லும். அதற்கு முதல் இரண்டு விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: உங்கள் கப்பல் கதைக்குள் எவ்வளவு பெரியது, அதன் உட்புறத்தை எப்படி இருட்டாக்கப் போகிறீர்கள். விளக்கு வைத்தும் அழகில்லாமல் போன மாதிரிக் கப்பல்களில் வெளிச்சம் குறைந்து கெட்டவை அரிது. வேண்டாத இடத்தில் வெளிச்சம் கூடிக் கெட்டவையே அதிகம். இந்த அத்தியாயம் முழுக்க அதைக் குறைக்கும் வேலைதான்.

ஜன்னல் எவ்வளவு பெரியது?

கொடியேற்ற நாட்களில் இருட்டிய பிறகு கல்முனைக்குடிக் கடற்கரையில் நின்று பள்ளிவாசல் மினாராவைப் பாருங்கள். அலங்காரப் பல்புகள் சின்னதாகவும் நெருக்கமாகவும் இருந்தால் மினாரா உயர்ந்து தெரியும். அவற்றைக் கழற்றிவிட்டு நாலு பெரிய ஃபோகஸ் லைட்டை மட்டும் மாட்டினால் கண்ணுக்கு அது குட்டையாகிவிடும். இருட்டில் கண் அளவு பார்ப்பது விளக்குப் புள்ளியின் பருமனை வைத்துத்தான். மேசையில் நிற்கும் கப்பலுக்கும் இதே சட்டம்.

கணக்காகவே பார்ப்போம். ஸ்டார் வார்ஸ் கதையில் வரும் ஸ்டார் டிஸ்ட்ராயர் 1,600 மீற்றர் நீளமானது. அதை 30 சென்ரிமீற்றரில் செய்தால் அளவு ஏறத்தாழ 1/5300. அதன் உடம்பில் சாதாரண 3 மில்லிமீற்றர் எல்.ஈ.டி. ஒன்றை நேராகப் பதித்தால், அது 16 மீற்றர் அகலமான ஜன்னலாகிவிடும். ஐந்து மாடிக் கட்டடமே உள்ளே போகலாம்! 0.25 மில்லிமீற்றர் ஒளியிழையின் நுனி என்றால் 1.3 மீற்றர். ஆள் நின்று எட்டிப் பார்க்கும் ஜன்னல் அது. கப்பல் அப்போதுதான் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு நீளும்.

சின்னப் போர்க்கலங்களில் கணக்குத் தலைகீழ். 2012 இல் ஃபேன்டசி ஃபிளைட் கேம்ஸ் வெளியிட்ட எக்ஸ்-விங் விளையாட்டின் சிறு கலங்கள் 1/270 அளவில் செய்யப்பட்டவை. அங்கே ஒரு மனிதன் 6 மில்லிமீற்றர் உயரம். 3 மில்லிமீற்றர் எல்.ஈ.டி. 80 சென்ரிமீற்றர் விட்டமுள்ள எஞ்சின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும். ஆகவே சிறு கலம் என்றால் எஞ்சினுக்கு எல்.ஈ.டி.யை நேரே வையுங்கள், ஜன்னல் வேலைக்குப் போகாதீர்கள். பெருங்கப்பல் என்றால் எல்.ஈ.டி. வயிற்றுக்குள் ஒளிந்திருக்கட்டும், வெளிச்சத்தை இழைகள் வெளியே கொண்டுவரட்டும்.

சினிமாக்காரர்கள் இந்தச் சிக்கலை மாதிரியையே பெரிதாக்கித் தீர்த்தார்கள். 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 இல் இங்கேயே காலமான ஆர்தர் சி. கிளார்க், ஸ்டான்லி குப்ரிக்குடன் சேர்ந்து எழுதிய 1968 ஆம் ஆண்டுப் படம் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’. அதில் வரும் டிஸ்கவரி கப்பலின் பெரிய மாதிரி 54 அடி நீளம். உள்ளங்கைக்குள் வேலை செய்யும் நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைக்காத எல்.ஈ.டி. நம் ஊர்க் கடையில் தொங்குகிறது.

பஸாரில் என்ன வாங்குவது

இந்த வேலைக்கென்று தனிக்கடை கல்முனையில் தேடவேண்டாம். கலியாண வீட்டு அலங்காரத்துக்கு விற்கும் செப்புக் கம்பி லைட் மாலை ஒன்று, பற்றரியில் எரியும் பிளாஸ்டிக் மெழுகுதிரி இரண்டு மூன்று, ஃபேன்சிக் கடையில் நுனிகள் மினுங்கும் இழை விளக்கு ஒன்று. இவ்வளவையும் பிரித்தால் நாலைந்து கப்பல்களுக்குத் தேவையான விளக்கும் இழையும் வந்துவிடும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன காலத்தில் வாங்கி, பிறகு பழுதாகி மூலையில் கிடக்கும் ரீசார்ஜ் லைட்டையும் விடாதீர்கள். அதன் பற்றரியைத் தொடவேண்டாம், வெள்ளை எல்.ஈ.டி.களை மட்டும் கழற்றுங்கள். பெருங்கப்பலின் இழைக்கட்டுக்கு அவை நல்லவை.

இந்தப் பொருட்களில் எனக்கு மிகப் பிடித்தது செப்புக் கம்பி மாலைதான். அதில் ஒரு மணியைக் கிட்ட வைத்துப் பாருங்கள். அரிசி பருமனில் ஒரு பிசின் துளி, அதற்குள் ஒரு சிறு சிப், இரு புறமும் தலைமுடிக்குச் சற்றுத் தடித்த இரண்டு கம்பிகள். கம்பியில் உறை இல்லாததுபோல் தெரிந்தாலும் மெல்லிய எனாமல் பூச்சு உண்டு. மணிக்கு இரண்டு பக்கமும் இரண்டு சென்ரிமீற்றர் விட்டு வெட்டுங்கள். ஒரு பக்கத்துக் கம்பி நுனிகளை பிளேடால் மெதுவாகச் சுரண்டி, ஈயம் தொட்டு வெள்ளியாக்குங்கள். பட்டன் பற்றரியின் இரண்டு முகத்திலும் இரண்டு நுனியையும் பிடித்தால் மணி எரியும். எரியாவிட்டால் பற்றரியைத் திருப்புங்கள். எரிந்த நிலையிலேயே பிளஸ் கம்பிக்கு ஒரு துளி சிவப்பு நெயில் பொலிஷ் வையுங்கள். கப்பல் மூடிய பிறகு இந்த ஒரு துளிதான் வழிகாட்டும்.

வயரும் பசையும் போன் திருத்தும் கடையில் இருக்கின்றன. போர்ட் திருத்துபவர்கள் பாவிக்கும் 0.1 மில்லிமீற்றர் ஜம்பர் வயர் கப்பலின் இறக்கைக்குள்ளும் ஓடும். மீற்றருக்கு ஏறத்தாழ 2 ஓம்தான் தடை, நம்முடைய சில மில்லி ஆம்பியருக்கு அது ஒரு பொருட்டில்லை. கேட்கும்போது வேலையைச் சொல்லிக் கேளுங்கள்.

“காக்கா, ஜம்பர் வயர் ரெண்டு மீற்றர் வேணும்.”

“என்ன போனுக்கு தம்பி?”

“போனுக்கில்ல காக்கா, சின்ன எல்.ஈ.டி.க்கு இழுக்க.”

“அப்ப இத எடுங்க. சுரண்டத் தேவல்ல, அயன்ட சூட்டுலயே எனாமல் போயிரும்.”

எல்லா எனாமலும் அப்படிப் போகாது என்பதால்தான் கேட்டு வாங்கச் சொல்கிறேன். அதே கடையில் யூ.வி. லைட்டில் இறுகும் பசையும் கிடைக்கும். அது கையை அவசரப்படுத்தாது, லைட் அடிக்கும் வரை இழையை நகர்த்திச் சரிசெய்யலாம்.

கரண்ட் கணக்கு

சாதாரண தரத்தில் ஒளிகாலும் இருவாயி என்று படித்ததுதான் எல்.ஈ.டி. சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் அளவில். 2032 என்று எழுதிய பட்டன் பற்றரி 3 வோல்ட், ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணித்தியாலம் கொள்ளும். சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றை 5 மில்லி ஆம்பியரில் எரிக்க, மிஞ்சும் 1 வோல்ட்டை 0.005 ஆல் பிரித்தால் 200 ஓம் வரும். கடையில் கிடைக்கும் 220 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். காகிதக் கணக்கில் 40 மணித்தியாலத்துக்கு மேல் எரியும். வெள்ளை ஒன்றை ரெசிஸ்டர் இல்லாமலே இந்தப் பற்றரியில் கொடுக்கலாம், பற்றரியின் உள்தடையே போதும். பற்றரி இறங்க இறங்க அது மங்கும்.

மூன்று விளக்குக்கு மேல் போனால் பற்றரியை அடித்தட்டுக்கு இறக்குங்கள். யூ.எஸ்.பி. 5 வோல்ட் என்றால் 10 மில்லி ஆம்பியருக்கு வெள்ளைக்கு 220 ஓம், சிவப்புக்கு 330 ஓம். ஒவ்வொரு எல்.ஈ.டி.க்கும் தனித்தனி ரெசிஸ்டர் வேண்டும். ஒரே ரெசிஸ்டரின் பின்னால் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துக் கட்டினால், குறைந்த வோல்ட்டில் எரியும் சிவப்பு கரண்ட்டை எல்லாம் இழுத்துக்கொள்ளும், வெள்ளை இருண்டே கிடக்கும். யூ.எஸ்.பி. லைட் மாலையில் எடுத்த மணிக்கும் இது பொருந்தும். அங்கே மாலை முழுவதற்குமான ரெசிஸ்டர் பிளக்கோடு போய்விட்டது.

பவர் பேங்க்கில் இன்னொரு சங்கதி. பெரும்பாலான பவர் பேங்க்குகள் இழுக்கும் கரண்ட் மிகக் குறைந்தால் போன் சார்ஜாகிவிட்டது என்று எண்ணித் தாமே அணைந்துவிடும். ஒரு கப்பலுக்கு அதை நம்பாமல் மூன்று ட்ரிபிள் ஏ பற்றரிப் பெட்டி வாங்குங்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் பட்டன் பற்றரி மூடிக்குத் திருகாணி போட்டு முறுக்குங்கள், கிளிப் மூடி போதாது. விழுங்கிய பற்றரி தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் சதையை எரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், காத்திருக்காமல், அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ கல்முனை வடக்கு வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே ஓடுங்கள். கீழே சொல்லப்போகும் காந்தங்களுக்கும் இதே எச்சரிக்கை. இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும்.

உட்புறத்தை இருட்டாக்குதல்

பிளாஸ்டிக்கும் பிரிண்ட் எடுத்த ரெசினும் வெளிச்சத்தை உறிஞ்சிப் பரப்பும். விளக்கை உள்ளே வைத்ததும் கப்பல் முழுக்க மஞ்சளாகப் பூத்து, சுவர் இல்லாத பொருளாகத் தெரியும். அதனால் உட்புறம் முழுக்க முதலில் கறுப்பு, இரண்டு கோட். அது காய்ந்ததும் மேலே வெள்ளையோ வெள்ளியோ ஒரு கோட். கறுப்பு வெளிச்சத்தை வெளியே விடாது. வெள்ளை அதை உள்ளேயே திருப்பியடித்து இழைகளிடம் சேர்க்கும். வரிசையை மாற்றினால் இந்தத் திருப்பியடிக்கும் பயன் போய்விடும். அலுமினிய ஒட்டுத்தாள் இன்னும் நன்றாக மறைக்கும், ஆனால் அதில் கரண்ட் பாயும் என்பதால் வெறும் கம்பி படும் இடத்தில் ஒட்டவேண்டாம்.

பிறகு இஷாவுக்குப் பின் அறை விளக்கை அணைத்து, கப்பலின் இரண்டு பாதியையும் ரப்பர் பேண்ட்டால் கட்டி, உள்ளே விளக்கை எரியவிட்டுச் சுற்றிப் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது கொடுங்கள். மூட்டு ஓரங்களில் கோடாகவும் பூச்சு மெலிந்த மூலைகளில் ஊசிப்பொட்டாகவும் வெளிச்சம் ஒழுகும். ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்து, உள்ளிருந்து கறுப்புப் பூச்சால் அடையுங்கள். மூட்டுக்கு உட்பக்கமாக மெல்லிய பிளாஸ்டிக் விளிம்பு ஒன்றை ஒட்டினால் ஒழுக்கு நேரே வராது. இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். முழு மாலைப்பொழுதை இதற்கே கொடுங்கள் என்று நான் சொல்வேன். கப்பலை மூடிய பிறகு இதைச் செய்ய வழியே இல்லை.

இழை வேலை

இழை விளக்கைப் பிரித்தால் நூற்றுக்கணக்கில் பிளாஸ்டிக் இழைகள் கிடைக்கும். 0.3 மில்லிமீற்றர் துளையூசியை நகைவேலைக்காரர்கள் பாவிக்கும் கைப்பிடியில் மாட்டி, விரலால் உருட்டித் துளையுங்கள். மோட்டார் டிரில் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். ஜன்னல்களை நேர்கோட்டில் இடைவெளி பிசகாமல் குத்தாதீர்கள். தளங்கள் வரிசையாக இருக்கட்டும், அந்த வரிசைக்குள் சில இடம் வெறுமையாக இருக்கட்டும். இரவில் எல்லா அறையிலும் விளக்கு எரியும் வீடு ஏது?

இழையை உள்ளிருந்து விட்டு, வெளியே ஒரு சென்ரிமீற்றர் நீட்டி நிறுத்துங்கள். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை அல்லது யூ.வி. பசை. சூப்பர் க்ளூ இந்த இழையை மொறுமொறுப்பாக்கி, பிறகு ஒரு சிறு வளைவில் முறித்துவிடும். இழைகளை உள்ளே ஒரு கட்டாகச் சேர்த்து, மருதமுனைத் தறி நூல் போன்ற பருத்தி நூலால் இறுக்காமல் சுற்றி, நுனிகளைச் சமமாக வெட்டி எல்.ஈ.டி.யின் முகத்துக்கு நேரே கறுப்புக் குழாய் ஒன்றுக்குள் நுழையுங்கள். ஈய அயன் சூட்டை இழைக்குக் கிட்டக் கொண்டுபோகவேண்டாம், எல்.ஈ.டி.யைப் பற்றவைத்து ஆறிய பிறகுதான் இழையை நுழைக்க வேண்டும்.

வெளிப்பூச்சு முழுக்க முடியும் வரை நீட்டிய ஒரு சென்ரிமீற்றரை வெட்டாதீர்கள். பூச்சு காய்ந்ததும் புதிய பிளேடால் மேற்பரப்போடு சேர்த்து ஒரே வெட்டு; நுனியில் பட்ட பூச்சும் அதோடு போய்விடும். எஞ்சின் பக்கம் அல்லது தேடொளி மாதிரி ஓரிரு இடத்தில் புள்ளி சற்றுப் பெரிதாக வேண்டுமென்றால், அங்கே மட்டும் ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டி, எரியும் சாம்பிராணிக் குச்சியின் கங்கை நுனிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். இழையின் நுனி நடுங்கி, உருண்டு, குட்டிக் காளான் தலையாகும். அந்தத் தலை வெளிச்சத்தைப் பக்கவாட்டிலும் வீசும்.

சிவப்பு இடம், பச்சை வலம்

நிறத்தைக் கடலிடம் கேளுங்கள். ஆழ்கடலுக்குப் போகும் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. 1972 ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன. விமானத்திலும் இதே ஒழுங்கு. ஸ்டார் ட்ரெக்கின் எண்டர்பிரைஸும் இதைத்தான் பின்பற்றுகிறது. விதிப்படி பக்க விளக்கு ஒவ்வொன்றும் முன்னிருந்து 112.5 பாகை வரை மட்டும் தெரிய வேண்டும், பின்விளக்கு மீதி 135 பாகையை நிரப்பும். உங்கள் மணியின் பின்பாதியைக் கறுப்புப் பூச்சால் மூடினால் இது ஏறத்தாழ நடக்கும்.

மேசை விளையாட்டில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்து, சிவப்பு உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் கப்பல் உங்களை நோக்கி வருகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் அது தன் வலப்பக்கத்தைக் காட்டிக் கடக்கிறது. சுக்கான் பிடிக்கும் மீனவர் இருட்டில் இப்படித்தான் எதிர்ப்படகைப் படிக்கிறார். விளக்கைக் குறைத்து வைத்து இரண்டு அணி விளையாடும்போது மேசைக்கும் இந்தப் படிப்பு வரும்.

எஞ்சினுக்கு நீலம் அல்லது செம்மஞ்சள், ஏதாவது ஒன்று. ஒரே அணியின் கப்பல்கள் எல்லாம் ஒரே எஞ்சின் நிறத்தில் இருந்தால் யார் பக்கம் என்பதைக் கேட்கவே தேவையில்லை. நிறம் மாறி மாறி எரியும் எல்.ஈ.டி.களை நான் சிபாரிசு செய்வதில்லை. அவை கப்பலை விளையாட்டுச் சாமானாக்கிவிடும்.

அடிபட்ட கப்பலுக்கு பிளாஸ்டிக் மெழுகுதிரியின் எல்.ஈ.டி. இருக்கிறது. அதற்குள்ளேயே ஒரு சிறு சிப் கரண்ட்டை நடுக்கிக்கொண்டிருக்கும். அதோடு தொடராக ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யையும் ரெசிஸ்டரையும் கட்டி 5 வோல்ட் கொடுத்தால் சிவப்பும் சேர்ந்து நடுங்கும், தனிச் சர்க்கிட் தேவையில்லை. சுவிச்சைத் தட்டினால் கப்பலின் ஒரு பக்கம் எரிகிறது என்று அர்த்தம். சேதக் கணக்கு எழுதும் கடதாசியில் உள்ளதை ஒரு பார்வையில் விளக்கே காட்டிவிடும்.

தண்டும் தட்டும்

கப்பலைத் தாங்கும் தண்டுக்கு 2 மில்லிமீற்றர் பித்தளைக் குழாய் நல்லது. குழாயே மைனஸ், அதற்குள் ஓடும் எனாமல் கம்பி பிளஸ். குழாயின் வாயை அரத்தால் மழுக்கிவிட்டுக் கம்பியைச் செலுத்துங்கள், கூரான விளிம்பு எனாமலைச் சீவினால் அங்கேயே ஷோர்ட். கப்பல் தட்டிலிருந்து கழன்று வர வேண்டுமென்றால் இரண்டு சோடி நியோடிமியம் காந்தம், ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். அவற்றின் நிக்கல் பூச்சு கரண்ட்டைக் கடத்தும். ஒரு சோடியைத் துருவம் மாற்றி ஒட்டினால் கப்பல் முன்பின் மாறி உட்கார மறுக்கும். பிளஸ் மைனஸ் மாறாமலிருக்க அதுவே காவல். காந்தத்தில் நேரே ஈயம் பற்றவைக்காதீர்கள், சாதாரண வகை 80 பாகைக்கு மேல் சூடானால் ஈர்ப்பு போய்விடும். மெல்லிய தகட்டில் வயரைப் பற்றவைத்து, ஆறிய தகட்டைக் காந்தத்தின் கீழ் வையுங்கள்.

உப்புக் காற்று

கரையோரத்தில் இருக்கும் நமக்கு இது தனி வேலை. ஈயம் பற்றவைக்கப் பாவித்த பிளக்ஸின் மிச்சம் உப்பு ஈரத்தை இழுத்து, சில மாதங்களில் மூட்டைப் பச்சையாக்கிவிடும். ஒவ்வொரு மூட்டையும் ஸ்பிரிட்டில் நனைத்த பழைய பல் பிரஷால் தேய்த்துக் காயவிட்டு, நிறமில்லாத நெயில் பொலிஷ் ஒரு கோட் பூசுங்கள். பற்றரி தொடும் தகட்டிலும் காந்த முகத்திலும் அது படக்கூடாது. அவற்றை மாதம் ஒருமுறை பென்சில் அழிறப்பரால் தேய்த்தால் போதும். ஆட்டம் முடிந்ததும் பற்றரியைக் கழற்றி, கப்பலை மூடி இறுகிய டப்பாவில், மருந்துப் போத்தலிலோ சப்பாத்துப் பெட்டியிலோ வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டோடு வையுங்கள். பிரிண்ட் எடுத்த பி.எல்.ஏ. கப்பல் 60 பாகையை அண்டிய சூட்டில் இளகும் என்பதால், டப்பாவை மதிய வெயில் விழும் ஜன்னல் கட்டிலோ நிறுத்திய வேனுக்குள்ளோ விடாதீர்கள்.